நாய்க்கு உப்புத்தண்ணி ஊத்துறதை நிறுத்துங்க

சென்னையில இருந்து போன் பண்ற நண்பர்கள்ல மாசத்துக்கு ஒருத்தராவது இதைக் கேட்டுடறாங்க: "நாய் வாந்தி எடுக்குது, உங்க ஊர்ல என்ன கைவைத்தியம் பண்ணுவீங்க?" கிராமத்துக்காரனுக்கு எல்லாத்துக்கும் ஒரு பச்சிலை தெரியும்னு உங்களுக்கு ஒரு நம்பிக்கை. இந்த விஷயத்துல எங்ககிட்ட இருந்து எதையும் கத்துக்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

எங்க மணி 15 கிலோ இருப்பான். ஒரு கல்யாண வீட்டுக்குப் பின்னாடி கொட்டின பிரியாணியைத் தின்னுட்டு வந்து ராத்திரி நாலு தடவை வாந்தி எடுத்தான். பக்கத்து வீட்டுப் பெரியப்பா வந்து பார்த்தார். "டேய், எலி மருந்தைத் தின்னுட்டு வந்திருக்குடா. உப்பைக் கரைச்சு ஊத்து, எல்லாம் வெளிய வந்துடும்." ரெண்டு கை உப்பை ஒரு சொம்புல கரைச்சு, வாயைப் பிடிச்சு நான்தான் ஊத்தினேன். விடியறதுக்குள்ள தாகம், நடுக்கம், அப்புறம் வலிப்பு. செத்துட்டான். எலி மருந்துப் பொட்டலம் பரண்ல பிரிக்காம அப்படியே இருந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

நாய்க்கு எடையில கிலோவுக்கு 4 கிராம் உப்பே உயிரை எடுக்கலாம். மணிக்கு 60 கிராம் போதும். ரெண்டு கை உப்பு அதுக்கு மேலயே இருக்கும்.

இதுல வெட்கக்கேடு என்னன்னா, உப்பு என்ன பண்ணும்னு எங்களை விட நல்லா தெரிஞ்சவங்க யார்? டேனரிக்கு வர்ற பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்புதான் போடறாங்க. தோல்ல இருக்கிற தண்ணியை அது உறிஞ்சிடும். அந்த உப்பைக் கழுவி விட்ட தண்ணி பாலாத்துல கலந்து எங்க கிணறெல்லாம் கரிச்சுப் போச்சு. வேலூர் மக்கள் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம், பாழாக்கினவனே ஈடு கட்டணும்னு சொல்லுச்சு. 2025 ஜனவரி 30-லயும் மறுபடி ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. தோலுக்கும் மண்ணுக்கும் பண்றதையேதான் உப்பு நாயோட உடம்புக்குள்ளயும் பண்ணுது. ரத்தத்துல உப்பு ஏறினா மூளையில இருக்கிற தண்ணியை இழுத்துடும். அந்த வலிப்பு அதனாலதான்.

"எங்க நாய்க்கு ஊத்தினோம், பிழைச்சுதே" என்பீங்க. பெரும்பாலான சாதாரண வாந்தி ஒண்ணும் பண்ணாமலே நின்னுடும். அது தானா பிழைச்சதுக்கு உப்பு பேர் வாங்கிக்குது. செத்ததை யாரும் கணக்குல வைக்கறதில்லை.

"டாக்டர் பக்கத்துல இல்லையே" என்பீங்க. அது எங்க சாக்கு, உங்களுக்குச் செல்லாது. உங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக் இருக்கும். வேப்பேரியில கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கு.

உப்போட நிக்கல இந்தக் கைவைத்தியம். பூண்டு, வெங்காயச் சாறு கொடுக்கறாங்க. ரெண்டுமே நாய், பூனையோட ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். பூனைக்கு உடம்பு சுடுதுன்னு பாராசிட்டமால் கொடுக்கறாங்க. அதோட ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கத் தெரியாது, ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போதும் கொல்ல. நமக்கு எழுதிக் கொடுத்த வாந்தி மாத்திரையும் வேண்டாம். குடல்ல எலும்பு சிக்கியிருந்தா, வாந்தி நிக்கும், அடைப்பு நிக்காது.

அப்போ என்னதான் பண்றது?

முதல்ல பாருங்க. புல்லைத் தின்னு ஒரு தடவை கக்கிட்டு வாலாட்டற நாயையும், எப்பவாவது முடிக்கட்டியைக் கக்கற பூனையையும் சும்மா விடலாம். வளர்ந்த நாய் ஒண்ணு ரெண்டு தடவை எடுத்துட்டு தெம்பா இருந்தா, சில மணி நேரம் சோறு வைக்காதீங்க. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா வைங்க. அப்புறம் உப்பு, மசாலா இல்லாத சோறும் வேகவைச்ச கோழியும் கொஞ்சமா போதும். குட்டிகளைப் பட்டினி போடக் கூடாது, நேரா டாக்டர்தான்.

இதுல எது இருந்தாலும் உடனே கிளம்புங்க. திரும்பத் திரும்ப வாந்தி. வாந்தியில ரத்தம். தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியோட ரத்தக் கழிச்சல், அது பார்வோவா இருக்கலாம். வயிறு உப்பி, ஓக்காளிச்சும் ஒண்ணும் வராத பெரிய நாய். மூத்திரம் போக முக்கிக்கிட்டே வாந்தி எடுக்கற ஆண் பூனை.

விஷம்னு சந்தேகம் வந்தா பொட்டலத்தையும் கையோட எடுத்துக்குங்க. நம்ம பக்கம் புழங்கற ஜிங்க் பாஸ்பைடு எலி மருந்து வயித்து அமிலத்துல பட்டா விஷ வாயுவா மாறும். கக்கினதை மோந்து பார்க்காதீங்க, கதவு ஜன்னலைத் திறந்து விடுங்க, வண்டியிலயும் கண்ணாடியை இறக்கிடுங்க. வாந்தி வரவைக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது டாக்டர் வேலை. அதுக்கு அவர்கிட்ட ஊசி இருக்கு, உப்பு இல்லை.

பாட்டி வைத்தியத்துல நல்லது நிறைய இருக்கு, நானும் மாட்டுக்குப் பண்றேன். ஆனா பழசுங்கறதுக்காகவே ஒண்ணு சரியாயிடாது. உங்களுக்குக் கிராமம்னா அழகு. எனக்கு, நான் வாயைப் பிடிச்சு ஊத்தும்போது திமிறாம என்னையே பார்த்துக்கிட்டு இருந்த மணியும் அதுல உண்டு. அவன் என்னை நம்பினான். நான் விசாரிக்காம பெரியப்பாவை நம்பினேன். நீங்க அதே மாதிரி என்னை நம்பி போன் பண்ணாதீங்க, டாக்டருக்குப் பண்ணுங்க.