நாட்பட்ட வலியும் கைத்தொலைபேசி மருத்துவமும்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவ உலகம் வரையறுக்கின்றது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அவ்வலிக்குத் தனியிடம் கிடைத்தது. வேறொரு நோயின் அறிகுறியாக மட்டுமன்றி, தன்னளவில் ஒரு நோயாகவும் அது இருக்கக்கூடும் என்பது இதன் பொருள்.

வட பகுதி மக்கள் இதனை அனுபவத்தில் அறிவர். போர் 2009இல் முடிவுற்ற பின்னரும் எறிகணைச் சிதறல்களை உடலில் சுமந்து வாழ்வோர் இங்குள்ளனர். இழந்த காலிலேயே வலியை உணர்வோரும் உள்ளனர். மனக்காயம் உடல்நோவாக வெளிப்படுவதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தமது எழுத்துகளில் பதிவு செய்துள்ளார்.

இத்தகையோருக்குக் கைத்தொலைபேசிச் செயலிகள் உதவ முடியும். அன்றாட வலி, உறக்கம், நடமாட்டம் ஆகியவற்றைப் பதியவும், உடற்பயிற்சிகளைக் காட்டவும், வைத்தியருடன் காணொளியில் உரையாடவும் அவை வழிசெய்கின்றன. நெடுந்தீவிலிருந்து படகேறிக் கிளினிக்குக்கு வரவேண்டிய முதியவருக்கு ஒரு பயணம் குறைவதே பெரும் ஆறுதலாகும். எனினும் செயலி வலியை அகற்றுவதில்லை; வலியோடும் இயங்குவதற்குத் துணைநிற்கின்றது. கால்கள் திடீரென வலுவிழந்தாலோ, சிறுநீரை அடக்க இயலாமற்போனாலோ உடனடியாக வைத்தியசாலைக்கே செல்லவேண்டும்.

இங்கு மூன்று விடயங்கள் கவனத்திற்குரியன. முதலாவது மொழி. பூச்சியம் முதல் பத்து வரையான எண்ணால் மட்டும் எமது மக்கள் நோவைச் சொல்வதில்லை. குத்து, உளைவு, எரிவு, விறைப்பு என வேறுபடுத்தியே சொல்கின்றனர். எழுத வாசிக்கச் சிரமப்படுவோருக்குக் குரல்வழிப் பதிவும் வேண்டும். இரண்டாவது, பதியப்படும் தகவலைப் பார்த்துப் பதிலளிக்க ஒரு வைத்தியரோ தாதியோ இருக்கவேண்டும். எவரும் பாராத பதிவு நோயாளியின் தனிமையையே கூட்டும்.

மூன்றாவது நம்பிக்கை. உடலிலுள்ள சிதறல் பற்றிய குறிப்பு இம்மண்ணில் வெறும் மருத்துவக் குறிப்பாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. அது யார் கைக்குச் செல்லும் என்ற அச்சம் இருக்கும்வரை பலர் உண்மையைச் சொல்லத் தயங்குவர். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையில் சேர்த்துள்ளது. அப்பாதுகாப்பை நோயாளி நடைமுறையில் உணரவேண்டும்.

பாதுகாப்பான பதிவினால் நன்மையும் உண்டு. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்திற்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடையே வாழ்வைப் பகிர்ந்துகொண்ட முஸ்லிம் குடும்பங்களை எண்ணிப்பார்க்கலாம். ஓரிடத்துக் கிளினிக் கொப்பி மற்றோரிடத்தில் கைக்கு எட்டாதபோது, சிகிச்சையை முதலிலிருந்து தொடங்கவேண்டியுள்ளது. நோயாளியின் சம்மதத்துடன் அவரோடு பயணிக்கும் பதிவு இக்குறையைத் தீர்க்கும்.

திருநெல்வேலியில் அமைந்துள்ள யாழ். பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத்துறை இயங்குகின்றது. அதன் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கப்பட்டது. இவ்விரு தரப்பினரும் நோயாளிகளுடன் அமர்ந்து, அவர்தம் சொற்களைக் கேட்டு, இத்தகைய கருவியொன்றை உருவாக்க முன்வரவேண்டும். வேற்று நாட்டாருக்கென ஆக்கப்பட்ட செயலியை மொழிபெயர்த்துத் தருவதால் மட்டும் இத்தேவை நிறைவேறாது.