இணையக் கடையை ஏன் நம்பத் தயங்குகிறோம்? வடக்கு, கிழக்கின் சிறு உற்பத்தியாளர்களும் வாடிக்கையாளர் நம்பிக்கையும்

ரொறொன்ரோவில் வசிக்கும் ஒருவர் கிளிநொச்சியில் இருக்கும் தாயின் பிறந்தநாளுக்குக் கேக் அனுப்ப விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் தேடுகிறார். மூன்று, நான்கு தளங்கள் கிடைக்கின்றன. ஒன்றில் விலை இல்லை. 'விலைக்கு இன்பொக்ஸ் வரவும்' என்றிருக்கிறது. இன்னொன்றில் உள்ள படங்கள் எங்கோ வெளிநாட்டுக் கடையில் எடுத்தவை என்று பார்த்தவுடனேயே தெரிகிறது. மூன்றாவதில் கடந்த ஆண்டுத் தீபாவளிக் கழிவு இன்னும் முன்பக்கத்தில் நிற்கிறது. கடைசியில் அவர் ஊரிலுள்ள மச்சானுக்குத் தொலைபேசி எடுக்கிறார். காசு மச்சானின் கணக்குக்குப் போகிறது. கேக்கை மச்சான் வாங்கிக் கொடுக்கிறார்.

தாய்க்குக் கேக் கிடைத்துவிட்டது. ஆனால், அந்தத் தளங்களை நடத்தியவர்கள் ஒரு வாடிக்கையாளரை இழந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவராவது நேர்மையாகத் தொழில் செய்பவராக இருந்திருக்கலாம். அதை அறிந்துகொள்ள வாடிக்கையாளருக்கு வழியிருக்கவில்லை.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு கட்டளை ஒரு குடும்பத்தின் மாதச் செலவை ஈடுசெய்யும் நிலை வந்தது. ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள், மோர்மிளகாய், பனையோலைக் கைவேலைப் பொருட்கள் என்று வீட்டிலிருந்து உற்பத்தி செய்பவர்களிடம் 'இணையத்தில் விற்றுப் பாருங்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். பக்கம் திறப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கப்படுகிறது. முகம் தெரியாத ஒருவர் அந்தப் பக்கத்தை ஏன் நம்ப வேண்டும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஆளைத் தெரிந்த நம்பிக்கை

எங்கள் சமூகத்துக்குத் தூர தேசத்து நம்பிக்கை புதிதல்ல. போர்க்காலத்தில் இலண்டனில் ஒருவரிடம் காசு கொடுத்தால், யாழ்ப்பாணத்தில் வேறொருவர் வீட்டுப் படலையில் கொண்டுவந்து கொடுத்தார். பற்றுச்சீட்டு இல்லை, ஒப்பந்தம் இல்லை. உண்டியல் முறை என்று நாம் சொல்லும் அந்த ஏற்பாடு இயங்கியது, ஆளைத் தெரியும் என்பதால். ஆளைத் தெரியாவிட்டால் ஆளைத் தெரிந்த இன்னொருவரைத் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் கொப்பியில் கணக்கெழுதிக் கடன் கொடுத்த கடைக்காரரும் அதே நம்பிக்கையில்தான் கொடுத்தார்.

2009இன் பின்னர் ஏ9 வீதியால் வேறுவிதமான வணிகமும் வந்தது. அழகான பெயர்ப்பலகைகளோடும் வழுவழுப்பான துண்டுப்பிரசுரங்களோடும் வந்த நுண்கடன் நிறுவனங்கள் பல பெண்களை மீளமுடியாத கடனுக்குள் தள்ளின. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரையான பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. பிரமிட் திட்டங்களும் கவர்ச்சியான இணையப் பக்கங்களோடுதான் வந்தன.

ஆகவே எங்கள் வாடிக்கையாளர் இரண்டு பக்கமும் சந்தேகப்படுகிறார். தளம் மோசமாக இருந்தால் 'இது உண்மையான கடைதானா?' என்கிறார். மிகப் பகட்டாக இருந்தால் 'இதுவும் ஒரு ஏமாற்றோ?' என்கிறார்.

கண் முதலில் எதைப் பார்க்கிறது?

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் 2,600க்கும் மேற்பட்டோரிடம் இணையத்தளங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிடச் சொன்னார்கள். கிடைத்த கருத்துகளில் சுமார் 46 வீதமானவை தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2006இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஒரு பக்கம் கவர்ச்சியானதா இல்லையா என்ற எண்ணம் 50 மில்லி செக்கன்களுக்குள் உருவாகிவிடுவதாகக் காட்டியது.

தோற்றம் கதவைத் திறக்கும். காசு கொடுக்க வைப்பது வேறு. எங்கள் பக்கங்களில் அந்த இரண்டாவது கட்டத்தில்தான் அதிகம் தவறுகிறது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், வாடிக்கையாளரின் கைபேசியில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாக விரிகிறது. சில தளங்களில் முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை வருகிறது. கூகுள் குரோம் உலாவி 2018 முதல் இப்படி எச்சரிக்கிறது. அதை நீக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. தளத்தை அமைத்துக் கொடுத்தவர் அதைப் போடவில்லை, உரிமையாளருக்கு அது தெரியாது.

இவற்றைவிடப் பெரிய பிரச்சினை காசு கட்டும் இடத்தில் வருகிறது. கடையின் பெயர் ஒன்று, காசு வைப்பிலிடச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயர் வேறொன்று. அந்தக் கணக்கு கணவருடையதாகவோ தம்பியுடையதாகவோ இருக்கலாம். ஆனால் வாங்குபவருக்கு அது மோசடியின் அடையாளமாகத்தான் தெரியும். நிறை, காலாவதித் திகதி, அனுப்பும் செலவு, பொதி உடைந்து வந்தால் என்ன செய்வது என்ற நான்கும் எழுதப்படாத பக்கத்தில் அந்தச் சந்தேகம் இன்னும் வளர்கிறது. சாதாரணக் கடையில் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஏற்படுத்திய கடமை. இணையத்தில் விற்பவரிடமும் வாடிக்கையாளர் குறைந்தது அதையாவது எதிர்பார்க்கிறார்.

இரக்கம் ஒருமுறைதான் வாங்கும்

இந்த இடைவெளியை நிரப்பச் சில தளங்கள் கண்டுபிடித்த வழி, உற்பத்தியாளரின் துயரம். 'போரில் கணவரை இழந்த பெண்ணின் தயாரிப்பு' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அவருடைய படமும் இருக்கும். மிளகாய்த்தூளில் என்ன சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது இருக்காது. புலம்பெயர் உறவுகள் முதல்முறை வாங்குவார்கள். தூள் கட்டிபட்டு வந்தால் முறைப்பாடும் செய்யமாட்டார்கள், 'பாவம், விடுவோம்' என்பார்கள். இரண்டாவது முறை வாங்கவும் மாட்டார்கள். குறை சொல்லப்படாததால் தரம் திருந்துவதுமில்லை. அந்தப் பெண்ணின் படமோ இணையத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

இங்கேதான் எங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று வருகிறது. நம்பிக்கை வேண்டுமானால் உண்மையான பெயர், முகம், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைப் பக்கத்தில் போடுங்கள் என்பது உலகெங்கும் சொல்லப்படும் அறிவுரை. எங்கள் மக்களில் பலர் பதிவுகளுக்கும் விசாரணைகளுக்கும் பயந்து வாழ்ந்தவர்கள். யார் வந்து பெயர் கேட்டாலும் முதலில் 'ஏன்?' என்று நினைக்கப் பழகியவர்கள். தனியாகக் குடும்பம் நடத்தும் ஒரு பெண் தன் கைபேசி இலக்கத்தைப் பொதுவில் போட்டால், கட்டளைகளோடு நள்ளிரவு அழைப்புகளும் வரும். பெயரை மறைத்தால் வாடிக்கையாளர் நம்பமாட்டார். காட்டினால் அவருக்கு நிம்மதியில்லை. பயிற்சிப் பட்டறைகள் இதைத் தொழில்நுட்ப அறியாமை என்று கடந்துபோகின்றன. உண்மையில் அது அனுபவம் கற்றுக்கொடுத்த எச்சரிக்கை.

தனியாள் சுமக்க வேண்டியதில்லை

இதற்கு வழி ஏற்கெனவே எங்கள் கையில் இருக்கிறது. வடக்கில் கூட்டுறவுக்கு நீண்ட மரபு உண்டு. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள், மாதர் சங்கங்கள் பல ஊர்களில் உள்ளன. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இயங்குகிறது. இருபது பெண்கள் இருபது அரைகுறைப் பக்கங்களை நடத்துவதைவிட, ஒரு சங்கம் ஒரு நல்ல தளத்தை நடத்தலாம். அதில் இருக்கும் முகவரி சங்கக் கட்டடத்தினுடையது. இலக்கம் சங்க அலுவலகத்தினுடையது. வங்கிக் கணக்கும் பிரதேச செயலகத்தில் பெறும் வணிகப் பெயர்ப் பதிவும் ஒரே பெயரில் இருக்கும். உற்பத்தி செய்தவரின் பெயரைப் போடுவதா இல்லையா என்பதை அவரே தீர்மானிக்கலாம். முறைப்பாடு வந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார்.

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஆனால் தளத்தை மாதாமாதம் பார்த்துத் திருத்த ஒருவருக்குச் சம்பளம் வேண்டும். உதவித் திட்டங்கள் தளம் அமைப்பதற்குக் காசு கொடுக்கின்றன, திறப்பு விழாவில் படம் எடுக்கின்றன; இரண்டாவது ஆண்டுப் பராமரிப்புக்கு எவரும் கொடுப்பதில்லை. கடந்த ஆண்டுத் தீபாவளிக் கழிவு இன்னும் முன்பக்கத்தில் நிற்பதற்கு அதுவே காரணம்.

புலம்பெயர் உறவுகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பொருள் சரியில்லை என்றால் சொல்லுங்கள். இரங்கிப் பேசாமல் விடுவதைவிட அது பெரிய உதவி. நல்லதென்றால் அதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். முன்பு மச்சானின் வாய்ச்சொல் செய்த வேலையை, முன்பின் அறியாத இன்னொருவருக்கு உங்கள் இரண்டு வரிகள் செய்யும்.