ஜெபத்தோடு மாத்திரையும்

எங்கள் பகுதிக் காலனி ஒன்றில் சென்ற ஆண்டு ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். இருபத்திரண்டு வயது மகள். இரவில் தூக்கமில்லை, யாரோ திட்டுவது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்கிறாள். அரசு மருத்துவமனை மாத்திரையில் கொஞ்சம் தேறியிருந்தவளை உபவாசக் கூட்டத்துக்கு அழைத்துப் போய், மேடையில் சாட்சி சொல்ல வைத்திருக்கிறார்கள். அன்றோடு அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். சில வாரங்களில் பழைய நிலை. ‘ஆண்டவர் சுகம் குடுத்த பிறகும் மாத்திரை தின்னா அது அவிசுவாசம் இல்லையா தம்பி?’ என்று எங்களைக் கேட்டார்.

அந்தத் தாயைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். சீட்டு வாங்கும் இடத்திலேயே அதட்டல் தொடங்கிவிடும். ஜெபக் கூட்டத்தில்தான் அவரை உட்காரச் சொன்னார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், மகளின் தலையில் கை வைத்தார்கள். யாரும் தொடத் தயங்கிய தலை அது. நம் பாட்டன் பூட்டன் சபையைத் தேடிப் போனதும் இந்த மரியாதைக்காகத்தானே.

ஆகவே ஜெபத்தை விடச் சொல்லவில்லை. ‘டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்’ என்று போதகர் ஞாயிறு ஆராதனையில் ஒரு வார்த்தை சொன்னால், நாங்கள் பத்து கூட்டம் போட்டுச் சொல்வதைவிட அது ஏறும். போதகர்கள் பலர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார்கள். அதை அவிசுவாசம் என்று யாரும் சொல்வதில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடு வீடாகப் போகிறவர்கள். எந்த வீட்டில் யார் முடங்கிக் கிடக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வரும் நாளை விசாரித்து, அன்று ஒருவர் துணைக்குப் போகலாம். இழந்த கூலியைக் காணிக்கையிலிருந்து கொடுக்கலாம். அசனத்துக்குச் செலவாவதில் இது எத்தனை பங்கு? இலவச ஆலோசனைக்கான 14416 என்ற எண்ணை ஆலய வாசலில் எழுதி வைக்கக் காசே வேண்டாம்.

ஜெபவீடுகளில் கட்டிவைக்கும் வழக்கம் இருந்தால் அதைச் சபையே நிறுத்த வேண்டும். 2001-இல் ஏர்வாடித் தீயில், சங்கிலியில் கிடந்தவர்கள் உட்பட 28 பேர் கருகினார்கள். அது தர்கா ஊர் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

இன்னொன்றும் உண்டு. மனம் நோகச் சாதியும் காரணம். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் செத்தவர்களைப் பிரித்த சுவரைப் பற்றி எத்தனை ஆண்டுகளாகப் பேசுகிறோம்! தேர் எங்கள் தெருவுக்கு வராது, பங்குப் பேரவையில் எங்களுக்கு இடமில்லை என்ற நிலை இருக்கும் ஆலயத்தில், எந்தக் குணமளிக்கும் கூட்டத்தில் நம் பிள்ளைகளின் மனம் ஆறும்?

அந்தப் பெண் மறுபடி மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். மாதம் ஒருமுறை உபதேசியார் வீட்டம்மா அவளோடு பஸ் ஏறுகிறார். மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும்போது இருவரும் ஜெபம் செய்கிறார்களாம்.