ஏரி நம்ம ஊரில், அதிகாரம் எந்த ஆபீஸில்?



ஏரி மதகு பழுதாப் போச்சுன்னா முதலில் யாரிடம் போறோம்? ஊராட்சித் தலைவரிடம். ஓட்டுப் போட்டது அவருக்குத்தானே! ஆனால் அந்த மதகைத் தொட அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குள், அதாவது சுமார் 100 ஏக்கருக்குள் இருந்தால் அது ஒன்றிய ஏரி. திருநாவலூர் ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுக்கணும். அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. ஆக்கிரமிப்பு என்றால் தாலுகா ஆபீஸ். ஒரே ஏரிக்கு மூணு ஆபீஸ்! நாம அலைஞ்சு முடிக்கிறதுக்குள்ளே தண்ணி வடிஞ்சு போயிடும்.

சட்டம் இல்லாமலா இப்படி? இருக்கிறது. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளுக்கு ஒப்படைக்க 29 இனங்களைப் பட்டியல் போட்டது. முதல் இனமே விவசாயம். அடுத்து நில மேம்பாடு, சிறுபாசனம், கால்நடை. எல்லாமே நம்ம பிழைப்பு! ஆனால் எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை மாநில அரசின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊராட்சி கைக்கு வந்தது தெருவிளக்கு, குடிதண்ணீர், குப்பை. வேளாண் அலுவலர் இன்றும் தன் துறைக்குத்தான் பதில் சொல்கிறார், நம்ம கிராமசபைக்கு அல்ல.

பக்கத்துக் கேரளாவைப் பாருங்கள். 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதம் வரை உள்ளாட்சிக்கு என்று முடிவெடுத்தார்கள். அங்கே கிருஷிபவன் வேளாண் அலுவலர் பஞ்சாயத்தின் திட்டத்தை நிறைவேற்றும் அலுவலர். பணமும் ஆளும் சேர்ந்து வந்தால்தான் அதிகாரம். ரெண்டும் இல்லாமல் பொறுப்பை மட்டும் கொடுப்பது, ஏரைக் கொடுத்து மாட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது மாதிரி.

இருக்கிற அரைகுறை அதிகாரமும் பறிபோனால் என்ன ஆகும் என்பதை நம்ம மாவட்டம் அனுபவிச்சே பார்த்திருக்கு. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. அதற்கு முந்தின மாதம்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சிக்கு அப்போதும் இல்லை. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் நாம் ஓட்டுப் போட்டோம். முழுசா அஞ்சு வருஷம்! ஒன்றியத்தில் உள்ள அத்தனை ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியத்தையும் நிறுத்தி வைத்தார்கள்.

அந்தக் காலத்தில்தான், 2020-ல், பிரதமர் கிசான் மோசடி வெளியே வந்தது. விவசாயிக்கு வருஷம் 6,000 ரூபாய் தரும் திட்டம். அலுவலகக் கடவுச்சொல் தரகர்கள் கைக்குப் போய், நிலமே இல்லாதவர் பேரெல்லாம் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டில் தகுதியில்லாதவர் 5 லட்சத்துக்கும் மேல், போன பணம் சுமார் 110 கோடி என்று அரசே சொன்னது. அதிகம் அடிபட்ட மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. அந்தப் பட்டியலை ஒவ்வொரு ஊர் கிராமசபையிலும் சத்தமாக வாசித்திருந்தால், "இவருக்கு ஏதுய்யா நிலம்?" என்று கேட்கப் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். கணினிக்கு நம்ம ஊர் ஆளைத் தெரியாது. ஊருக்குத் தெரியும்.

"தலைவர்கள் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தலைவர் பதவியை ஏலம் விட்ட ஊர்களும் உண்டு, மனைவி பேரில் கணவர் ஆளும் ஊர்களும் உண்டு. ஆனால் தப்புச் செய்த தலைவரை அஞ்சு வருஷத்தில் நாம் இறக்கலாம். தப்புச் செய்த அலுவலரை நாம் என்ன செய்ய முடியும்? தலைவருக்குக் கடிவாளம் கலெக்டர் கையில் மட்டும் இருந்தால் போதாது, கிராமசபை கையிலும் இருக்கணும்.

அதனால் நாம் கேட்பது:

1. ஒன்றிய ஏரிகளின் பராமரிப்பும் அதற்கான நிதியும் ஊராட்சிக்கு வர வேண்டும். ஆயக்கட்டு விவசாயிகள் மேற்பார்வையில் வேலை நடக்க வேண்டும்.

2. பயிர்ச் சேத நிவாரணம், மானியம் எதுவானாலும் பயனாளிகள் பட்டியலைக் கிராமசபையில் வாசித்து ஒப்புதல் பெற வேண்டும்.

3. வேளாண், கால்நடை அலுவலர்கள் கிராமசபைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும்.

4. கல்வராயன் மலை ஊர்களை ஐந்தாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு ஊர்கூட அதில் இல்லாததால், 1996-ல் வந்த பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டம் நம்ம மலை மக்களுக்கு எட்டவே இல்லை.

5. தேர்தல் உரிய நாளில் நடக்க வேண்டும். மற்ற 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ல் காலம் முடிந்தும் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் வந்தார்கள். நமக்குக் கெடு 2026 அக்டோபர். இன்னொரு அஞ்சு வருஷத்தை இழக்க நாம் தயாரில்லை.

கேட்டால் மட்டும் கிடைக்காது. கிராமசபை நாளில் கழனி வேலையைக் கொஞ்சம் தள்ளிவைத்து வாங்க. பெண்களையும் கூட்டிவாங்க. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் நூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். தீர்மானத்தை எழுத்தில் கொடுங்கள். பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் போடாதீங்க!

ஊர் கூடினால்தான் தேர் நகரும். கூடுவோம், கேட்போம், பெறுவோம்!

தோழமையுடன்,
செயலாளர்