பிரேக் ஆயிலில் நான் ரப்பர் கட்சி

பிரேக் ஆயில் என்ற பெயரில் ஒரே ஒரு ஆயில் உலகத்தில் கிடையாது. எங்க ஊர் முக்குரோட்டு மெக்கானிக் கடையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். “எல்லாம் ஒண்ணுதான் மாமா, ஊத்திப் பிடிச்சாப் போதும்” என்பார்கள். நகரத்தில் சைக்கிளுக்கே ஒரு லட்சம் கொடுக்கிற தம்பிமாரைக் கேட்டால், கம்பெனி பாட்டிலைத் தவிர வேறு எதையும் தொடவே கூடாது என்பார்கள். ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு ஒப்பவில்லை. என்ன ஊத்தலாம், என்ன ஊத்தக்கூடாது என்று முடிவு பண்ணுறது பிரேக்குக்குள்ள இருக்கிற ரப்பர்தான்.

ஒரு விவசாயிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் வேலை பார்த்துத் திரும்பிய என் தங்கை மகன் ஒரு சைக்கிளை எங்க வீட்டில் விட்டுப்போனான். பிளஸ் டூ படிக்கிற என் மகள் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். ஆறு கிலோமீட்டர். ஏரிக்கரைச் சரிவில் இறங்கினால் நேரே மெயின்ரோடு, அதில் மணல் லாரி. போன ஐப்பசியில் பிரேக் பிடி பஞ்சு மாதிரி அமுங்க ஆரம்பித்தது.

அதில் இருப்பது மகுராவின் ஹைட்ராலிக் ரிம் பிரேக். டிஸ்க் கிடையாது. நம்ம பழைய சைக்கிள் மாதிரியே கட்டை ரிம்மைத்தான் பிடிக்கும். ஆனால் கம்பிக்குப் பதில் மெல்லிய குழாயில் எண்ணெய். பிடியை அழுத்தினால் எண்ணெய் தள்ள, ரிம்முக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற குட்டி பிஸ்டன்கள் கட்டையை நெருக்கும். 1987-லிருந்து அந்தக் கம்பெனி இதைச் செய்கிறது. அவர்கள் ஊத்துவது நீல நிற மினரல் ஆயில்.

மெக்கானிக் தம்பி எடுத்தது மோட்டார்சைக்கிளுக்கு ஊத்துற டாட் 3. நல்ல ஆயில்தான், அதன் இடத்தில். அது கிளைக்கால் வகை. அதற்கென்று தனி ரப்பர் உண்டு, ஈ.பி.டி.எம் என்பார்கள். மினரல் ஆயில் பிரேக்கில் பெரும்பாலும் இருப்பது நைட்ரைல் ரப்பர். ஒன்றுக்கு ஒத்தது இன்னொன்றுக்கு விஷம். சந்தேகம் இருந்தால் நான் செய்து பார்த்ததை நீங்களும் செய்யலாம். மோட்டார்சைக்கிள் பிரேக்கிலிருந்து கழற்றிப் போட்ட பழைய வளையம் ஒன்றை மினரல் ஆயிலில் போட்டு மூடி வைத்தேன். சில நாளில் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிவிட்டது. அதே கூத்துதான், ஆயிலும் ரப்பரும் மாறி, சைக்கிள் பிரேக்கிலும் நடக்கும். ஊத்தின அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நன்றாகவே பிடிக்கும். அப்புறம் பிஸ்டன் இறுகும், இல்லை கசியும். எந்தச் சரிவில் என்று அது நம்மிடம் சொல்லிவிட்டா செய்யும்? போதாததுக்கு டாட் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட்டும் உரிந்துவிடும்.

அதனால் டாட் கிடையவே கிடையாது. இதில் மட்டும் பேரம் இல்லை.

கம்பெனி பாட்டில்தான் வேணும் என்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். டாட் ஆயிலின் பெருமையே கொதிநிலைதான். புதுசாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும், டாட் 4 என்றால் 230. டிஸ்க் பிரேக்கில் அந்தச் சூடு பக்கத்திலேயே இருக்கிற எண்ணெய்க்கு ஏறும், அதனால் அது தேவை. ரிம் பிரேக்கில் சூடு எங்கே போகிறது? அத்தனை பெரிய ரிம்முக்கும், டயருக்கும், காற்றுக்கும். எண்ணெய்க்கு வருவது கொஞ்சம்தான். ஐரோப்பாவில் பாறை மேலும் சுவர் மேலும் சைக்கிளில் தாவுகிற டிரையல்ஸ் ஆட்கள் இதே பிரேக்கில் தண்ணீரையே ஊத்துகிறார்கள், உறையாமல் இருக்கக் கொஞ்சம் கூலன்ட் கலந்து. பிடி சட்டென்று திரும்புமாம். அவர்கள் வாரத்துக்கு ஒருதரம் கழற்றி மாட்டுகிற கூட்டம், உள்ளே அரித்தால் உடனே தெரிந்துவிடும். பள்ளிக்கூட சைக்கிளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நீல பாட்டிலில் அமிர்தம் ஒன்றும் இல்லை என்பதற்கு இது போதும்.

அப்படியானால் மினரல் ஆயில் எதுவானாலும் சரியா? அதுவும் இல்லை. டிராக்டர் லிப்டுக்கு ஊத்துற ஹைட்ராலிக் ஆயிலும் மினரல்தான். டின்னில் 68 என்று போட்டிருந்தால், 40 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை அது. எண் ஏற ஏறக் கெட்டி. ரெண்டு மில்லிமீட்டர் அளவு துளையில் அது போய்த் திரும்புவதற்குள் ரிம்மை விட்டுக் கட்டை விலகாமல் உரசிக்கொண்டே வரும். நமக்கு வேண்டியது தண்ணீர் மாதிரி ஓடுகிற மெல்லிசு.

வீட்டு எண்ணெய் யோசனையும் வந்தது. பெரியப்பா விளக்கெண்ணெயைச் சொன்னார். சிரிக்காதீர்கள், கார்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்த காலத்தில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்துதான் ஊத்தினார்கள். ஆனால் தனி விளக்கெண்ணெய் ரொம்பக் கெட்டி. தேங்காயெண்ணெய் மார்கழிக் காலையில் பாட்டிலிலேயே உறைவது உங்களுக்கே தெரியும். கடலெண்ணெய் நாள்பட்டால் பிசின்.

கடைசியில் நான் வாங்கியது ஷிமானோவின் சிவப்பு மினரல் ஆயில், திருச்சிக்குப் போனபோது ஒரு சைக்கிள் கடையில். மகுராக்காரர்கள் எங்க ஆயிலைத்தான் ஊத்தணும் என்றுதான் சொல்வார்கள். விற்கிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். மெல்லிசு, மினரல், பிரேக்குக்கென்றே செய்தது, அடுத்த வருஷமும் பஸ் ஏறிப் போனால் கிடைப்பது. எனக்கு இந்தக் கடைசிக் கணக்கு முக்கியம். கப்பலில் வரும் பாட்டிலுக்குக் காத்திருக்கிற ரெண்டு மாதமும் பிள்ளை அந்தச் சரிவில் இறங்கத்தான் போகிறாள்.

ஒரு பிரேக்குக்குச் சில டீஸ்பூன் எண்ணெய் போதும். மாட்டுக்கு ஊசி போடுகிற மாதிரிப் பெரிய சிரிஞ்ச், புதுசாக, ஊசி இல்லாமல். கீழே சக்கரத்துப் பக்கமிருந்து மெல்ல ஏற்றினால், காற்று மேலே பிடிப்பக்கத் துளை வழியாகக் குமிழாக வெளியேறும். குமிழ் நிற்கிற வரை விடக்கூடாது. ரிம்மிலும் கட்டையிலும் ஒரு சொட்டு பட்டாலும் பிடிக்காது, அதனால் முதலில் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பிடிக்குப் பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி, “மினரல் மட்டும், டாட் ஊத்தாதே” என்று மார்க்கரில் எழுதியிருக்கிறேன். நான் இல்லாத நாளில் யார் கையில் போனாலும் தெரியணுமே. பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுகிறார்களாம், எழுத்தைச் சின்னதாக்கச் சொல்கிறாள். ஆக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.