கச்சேரிக்கும் சபைக்கும் நடுவே நமது காணி

நல்லூரில் அரசாங்கத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று பிரதேச செயலகம், மற்றது பிரதேச சபை. குடும்பப் பதிவு, நிவாரணம், காணிப் பேர்மிற் என்றால் முதலாவது வாசலுக்குப் போக வேண்டும். ஒழுங்கையில் வெள்ளம் நின்றால், தெருவிளக்கு எரியாவிட்டால், திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோன கத்தரிக்காயில் கழிவு கூட வெட்டினால் இரண்டாவது வாசலுக்குப் போக வேண்டும். முதலாவது வாசலில் இருப்பவரைக் கொழும்பு நியமிக்கின்றது. இரண்டாவதில் இருப்பவர்களை வாக்காளர் தெரிவு செய்கின்றனர்.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்து வந்து, இன்னும் வாடகை வீட்டில் இருக்கும் கமக்காரர் இந்த இரண்டு வாசலும் ஏறி இறங்கியவர். "உங்கட காணி எங்கட பிரிவுக்குள்ள இல்லை" என்பது ஓரிடத்துப் பதில். "நீங்கள் இங்கத்தை ஆக்கள் இல்லைத்தானே" என்பது மற்ற இடத்துப் பதில்.

மத்திய அரசுக்கும் உள்ளூர் ஆட்சிக்கும் உள்ள உறவு மேடைப் பேச்சுக்குரிய விடயம் என்று நாம் ஒதுங்கியிருக்கின்றோம். அது நமது கிணற்றடியிலும் வேலிக்கரையிலும் வந்து முடிகின்ற விடயம் என்பதை இங்கு எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

இரண்டு வரிசைகள்

மேலிருந்து ஒரு வரிசை வருகின்றது. கொழும்பு அமைச்சு, கச்சேரியில் அரசாங்க அதிபர், அவருக்குக் கீழே பிரதேச செயலாளர், கடைசியில் நாம் இன்றும் விதானையார் என்று அழைக்கும் கிராம அலுவலர். கீழிருந்து இன்னொரு வரிசை எழ வேண்டும். பிரதேச சபை, அதற்கு மேல் மாகாண சபை. இரண்டு சபைகளுக்குமான சட்டங்கள் 1987ஆம் ஆண்டிலேயே வந்தன. ஆனால் மேல் வரிசை என்றும் அறுந்ததில்லை. கீழ் வரிசை அடிக்கடி அறுந்தது.

1957இல் பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை பிரதேச சபைகளுக்குக் காணி, விவசாயம், நீர்த்திட்டம், வீதி ஆகியவற்றைத் தருவதாகக் கூறியது. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன, நிலைக்கவில்லை. வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரிலேதான் முதற் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்த பின்னர் ஆண்டுகள் பல ஆளுநரின் கையிலேயே கழிந்தன. உள்ளூர்ச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. பணமில்லை என்று தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6ஆம் திகதியே நடந்தது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேல் சபைகளில் நம்மைக் கேட்க வேண்டியவர் எவரும் இருக்கவில்லை. அக்காலத்திலும் கச்சேரி ஒருநாளும் மூடப்படவில்லை.

இரணைமடு சொல்லும் பாடம்

கேளாமல் போடப்படும் திட்டம் என்னவாகும் என்பதற்கு இரணைமடு சாட்சி. யாழ்ப்பாணத்துக்குக் குழாய்க் குடிநீர் தேவை என்பதில் ஐயமில்லை. நமது சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலக்குழிக் கசிவும் தோட்டத்துக்குப் போடும் உரமும் கிணற்று நீரில் நைத்திரேற்றைக் கூட்டிவிட்டன. போர் முடிந்த பின்னர், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு, இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரத் திட்டம் தீட்டப்பட்டது.

கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். சிறுபோகத்தில் தங்கள் வயல் முழுவதற்குமே நீர் எட்டாதபோது எதைக் கொடுப்பது என்று கேட்டனர். அவர்களும் பலமுறை இடம்பெயர்ந்து திரும்பியவர்கள். குளத்து நீரைத் தவிர அவர்களுக்கு வேறு முதல் இல்லை. இந்தக் கேள்வியைத் திட்டம் எழுதுமுன் கேட்டிருந்தால், குடிநீர் கேட்ட யாழ்ப்பாணத்தாரையும் வயல்நீர் கேட்ட கிளிநொச்சியாரையும் எதிரெதிரே நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. பின்னர் வழி மாற்றப்பட்டது. மருதங்கேணிப் பக்கம் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கும், கழிவாக விடப்படும் உப்புநீர் தங்கள் கடலைக் கெடுத்துவிடும் என்று கரையோர மீனவர் போராடினர்.

ஆகவே, திட்டம் நல்லதா கெட்டதா என்று பார்ப்பது மட்டும் போதாது. யாரிடம் முதலிற் கேட்கப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். கடைசியிற் கேட்டால் காலமும் கடனும் கூடும், அயலவருக்கிடையே கசப்பும் கூடும்.

காணியும் அறிவித்தலும்

காணி விடயத்தில் இது இன்னும் கூர்மையானது. பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாணப் பட்டியலில் வைத்தது. ஆனால் அரச காணி குடியரசுக்குரியது என்றும் அதே திருத்தம் எழுதியது. இரண்டையும் இணைக்க வேண்டிய தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவேயில்லை.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கரை இராணுவத் தேவைக்கெனச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வழக்குத் தொடுத்தனர். 2015 முதல் பகுதி பகுதியாகக் காணி விடப்பட்டது. முழுவதும் விடப்படவில்லை. 2025 மார்ச் 28ஆம் திகதி இன்னொரு வர்த்தமானி வந்தது. வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கருக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும், வராவிட்டால் அது அரச காணி என்றது. உறுதியை ஓட்டத்தில் தொலைத்தவர், இறந்தவரின் பிள்ளைகள், கடல் கடந்திருப்போர் எல்லோரும் மூன்று மாதத்தில் எப்படி வருவது? எதிர்ப்பும் உயர் நீதிமன்ற வழக்கும் எழுந்த பின்னரே அது நிறுத்தப்பட்டது.

எந்த வேலி யாருடையது, எந்தக் கிணறு யார் வெட்டியது என்பது ஊருக்குத் தெரியும். அந்த அறிவு இருக்கும் இடத்தில் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருக்கும் இடத்துக்கு அந்த அறிவு போய்ச் சேர்வதில்லை.

சபைகளும் சுத்தமல்ல

இங்கு ஒரு கேள்வி எழும். சபைகளிடம் கொடுத்தால் மட்டும் சரிவருமா? தவிசாளர் கதிரைக்குச் சண்டை, தெரிந்தவர் ஒழுங்கைக்கு முதலில் தார், சந்தைக் குத்தகையில் முணுமுணுப்பு ஆகியவற்றை நாம் கண்டிருக்கின்றோம். சோலைவரியும் சந்தை வருமானமும் கொண்டு பெரிய வேலை எதுவும் செய்யவும் இயலாது. நிலத்தடி நீருக்குச் சபை எல்லை தெரியாது. நல்லூர்க் கோயிலடி மாநகர சபைக்குள்ளும் திருநெல்வேலிச் சந்தை பிரதேச சபைக்குள்ளும் இருக்கின்றன. இரண்டிடத்துக் கிணறுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே பாறை, ஒரே நீர். ஆகவே மத்திய அரசின் நிபுணரும் நிதியும் வேண்டும். ஆனால் அவை சபையைச் சுற்றி வளைத்துப் போகாமல் சபையின் ஊடாக வரவேண்டும். தவறு செய்யும் தவிசாளரை நாம் சந்தையிலேயே மறித்துக் கேட்கலாம், அடுத்த தேர்தலில் மாற்றலாம். கொழும்பு அமைச்சின் பணிப்பாளரை எங்கே மறிப்பது?

நாம் செய்யக்கூடியவை

பிரதேச சபைச் சட்டம், சபையின் குழுக்களில் உறுப்பினரோடு அப்பிரதேசத்தில் வசிப்போரையும் சேர்த்துக்கொள்ள இடமளிக்கின்றது. வாடகைக்கு இருப்பவரும் வசிப்பவரே. ஒவ்வொரு சபையிலும் இடம்பெயர்ந்த கமக்காரர் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டுமென எழுத்தில் கேட்போம்.

இரண்டாவதாக, ஆண்டு இறுதியில் வரவு செலவுத்திட்டம் வரும் காலத்தில் சபைக்குச் சென்று, நாம் இருக்கும் ஒழுங்கைக்கும் முகாமுக்கும் அதில் என்ன உண்டு என்று பார்ப்போம். பிரதேச செயலகத்தில் நமது பெயர் எந்தப் பட்டியலில் இருக்கின்றது, எதில் இல்லை என்பதை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்போம்.

மூன்றாவதாக, சொந்த ஊர்ச் சபையைக் கைவிடாதிருப்போம். காணி முட்கம்பிக்குள் இருந்தாலும், பாதை, வாய்க்கால், குளம், பொதுக்கிணறு எங்கெங்கே இருந்தன என்ற ஊர் வரைபடத்தை மூத்தவர்கள் இருக்கும்போதே வரைந்து அச்சபையிடம் கொடுப்போம். நாளை மீள்குடியேற்றத் திட்டம் எழுதப்படும்போது அது மேசையில் இருக்க வேண்டும்.

நல்லூராருக்கும் ஒரு வார்த்தை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நீங்களும் செம்மணி வழியே நடந்தவர்கள். தென்மராட்சியார் அன்று, நீங்கள் எந்தச் சபைக்குரிய ஆக்கள் என்று கேட்டுவிட்டா பாய் விரித்தார்கள்?