பல்லுறையும் கூர்மூலையும்

தமிழ் இலக்கணம் பயிலும் மாணவனொருவன் பல் மருத்துவத்தைப் பற்றிப் பேசப் புகுதல் தகுமோ என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். ஆயின், தொல்காப்பியனார் பிறப்பியலில் தகர நகரங்களுக்கு மேற்பல்லின் அடியையும், வகரத்திற்குப் பல்லும் இதழும் இயைதலையும் பிறப்பிடமாகக் கூறினாராதலின், இத்துறையில் எமக்கும் சிறிது உரிமையுண்டு என்றே கருதுகிறேன்.

விருதுநகரையடுத்த சூலக்கரையில் வாழும் என் அத்தையார் தீப்பெட்டித் தொழிற்சாலையொன்றில் வேலை செய்பவர். அவருடைய கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, வேர்ச்சிகிச்சை செய்யப்பெற்று, அதன்மேல் பீங்கான் உறையும் இடப்பட்டது. நம்மவர் ‘கேப்’ என்று வழங்குவது இதுவே. பத்துத் திங்கள் கழியுமுன் அவ்வுறை இரண்டாகப் பிளந்தது. போட்ட இடத்திற் சென்று கேட்க, “முறுக்குத் தின்றிருப்பீர்கள்” என்று கூறி அனுப்பிவிட்டனர். அத்தையார் முறுக்குத் தின்றது மெய்யே. முறுக்கைத் தாங்காத பல் எனக்கெதற்கு என்பது அவர் வினா.

இவ்வினாவுக்கு விடை காண வேண்டின், பீங்கானின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். பீங்கான் அமுக்குவிசையை நன்கு தாங்கும். இழுவிசையை அங்ஙனம் தாங்காது. நம் கோயில் மண்டபங்களை நோக்குமின். தூண்கள் நெருங்கி நிற்பதும், அவற்றின் தலையில் போதிகைகள் இருபுறமும் நீண்டு உத்தரத்தைத் தாங்குவதும் அழகு கருதி மட்டும் அமைந்தன அல்ல. கல்லுத்தரம் நீண்டு கிடப்பின், மேலிருக்கும் பாரத்தால் அதன் அடிப்புறம் இழுபட்டு விரியும். பல்லுறையும் அத்தகையதே. மேலிருந்து கடிக்கும் விசையால் அதன் உட்புறத்திலும் விளிம்பிலும் இழுவிசை தோன்றுகிறது. உடைந்த உறைகளை ஆராய்ந்தவர்கள் விரிசலின் தொடக்கத்தைப் பெரும்பாலும் அவ்விடங்களிலேயே கண்டிருக்கின்றனர்.

அவ்வுட்புறத்தின் வடிவத்தை வகுப்பது யாது? மருத்துவர் அராவி அமைத்த பல்லேயன்றோ! பல்லில் கூரிய மூலையொன்று எஞ்சினால், உறையின் உட்புறத்திலும் அதற்கொத்த கூரிய பள்ளம் அமையும். 1913ஆம் ஆண்டில் இங்கிலிஸ் என்னும் ஆங்கிலப் பொறியறிஞர், தகட்டிலுள்ள வெடிப்புகளும் கூர்மூலைகளும் தகைவை, அஃதாவது பொருளினுள் எழும் விசைச்செறிவை, எவ்வளவு பெருக்கும் என்று கணித்துக் காட்டினார். வட்டத் துளையின் ஓரத்தில் அது மும்மடங்காகும். விசைக்குக் குறுக்கே கிடக்கும் நீள்வட்டத் துளை, தன் அகலத்தினும் ஐம்மடங்கு நீண்டிருந்தால், அதன் முனையில் பதினொரு மடங்காகும்! மூலை கூராகக் கூரத் தகைவும் ஏறுகிறது. இரும்பு சற்றே வளைந்து அவ்விசையைப் பகிர்ந்துகொள்ளும். பீங்கானுக்கு வளையத் தெரியாது.

ஆதலின், பீங்கான் உறைக்குப் பல்லை அமைப்போர் உள்மூலைகள் யாவற்றையும் உருட்டிவிட வேண்டும். விளிம்பு கத்திமுனை போல் மெலியாமல், உருண்ட படியாக அமைய வேண்டும். கடிக்கும் முகத்தில், பொருளுக்கேற்ப, ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை இடம் விடுதல் வேண்டும். அவ்விடம் குறையின் உறை மெலியும். மெலிந்த உறை உடையும்.

மிகுதியாக அராவினால் என்ன என்று கேட்கலாம். அதுவும் தீங்கே. அராவியெடுத்த பல் மீண்டும் வளராது. பல் குறையக் குறைய உறையைத் தாங்கும் அடித்தளமும் குறைகிறது. மருத்துவரின் திறமெல்லாம் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள அந்தச் சிறு இடைவெளியிற்றான் இருக்கிறது. அதற்கு வேண்டுவன கூரிய கண்ணும் போதிய நேரமுமாம்.

இந்நாளில் விளம்பரங்கள் பேசுவதோ பொருளின் வலிமையை மட்டுமே. சிர்க்கோனியா பழைய பீங்கானினும் பன்மடங்கு வலியது என்பதை யான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வலிமை, அவசரமாக அராவுவதற்கு அளிக்கப்பட்ட அனுமதிச் சீட்டன்று. பல்லின் பக்கங்கள் மிகச் சரிந்து குட்டையாக இருப்பின், உடையாத உறையும் கழன்று விழுமே! உறையின் விலையைக் கேட்டறியும் நாம், பல் அமைக்கப்பட்ட விதத்தைக் கேட்பதில்லை. கேட்கலாம் என்பதே நம்மிற் பலருக்குத் தெரியாது. உடைந்தபின் பழி மட்டும் முறுக்கின்மேல் விழுகிறது. கூலிவேலை செய்வார்க்கு ஓர் உறையின் விலை பல நாள் ஊதியம் என்பதைப் பழி கூறுவோர் எண்ணிப் பார்த்தாரில்லை.

அத்தையாரைப் பின்னர் வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் பல்லைப் படமெடுத்துத் திரையிற் பெரிதாக்கிக் காட்டினார். மேற்புறம் தீப்பெட்டியின் ஓரம் போல நாற்புறமும் கூராக நின்றது. உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தோம். பிளவு சென்ற இடத்தில் அது நகத்தினும் சிறிதே தடித்திருந்தது. அம்மருத்துவர் பழையவரை ஒரு சொல்லும் குறை கூறாமல், ஓரங்களை மெல்ல உருட்டி, மேற்புறத்தைச் சிறிது தாழ்த்தி, மீண்டும் படமெடுத்துக் காட்டிய பின்னரே அளவெடுத்தார். ஈராண்டு கழிந்தன. சென்ற விடுமுறையில் யான் ஊர் சென்றபோது, அத்தையார் முறுக்குத் தட்டை என் முன் வைத்து, தாமும் ஒன்றை எடுத்து அப்பக்கத்தாலேயே கடித்துக் காட்டினார்.